ஒரே ஒரு ஆட்டக்காரருக்காக லீக்கையே வாங்கினார்களா? கியூபெக், 1952-53

கேள்வி இதுதான்: 1950களில் கனடாவின் மான்ட்ரியால் கனேடியன்ஸ் ஐஸ் ஹாக்கி அணி ஒரே ஒரு ஆட்டக்காரரைத் தன் பக்கம் இழுப்பதற்காக, அவர் ஆடிக்கொண்டிருந்த லீக்கையே விலைக்கு வாங்கியதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா? என்.எச்.எல். என்ற உச்ச லீக் கூப்பிட்டும் போகாமல் ஒருவர் எதற்காகச் சின்ன லீக்கிலேயே இருக்க வேண்டும்?

உண்மைதான். ஆட்டக்காரர் ழான் பெலிவோ. லீக்கின் பெயர், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்த கியூபெக் மேஜர் ஹாக்கி லீக். 1952-53 சீசனும் அது முடிந்த கோடையும்தான் இந்தக் கதையின் காலம். ஆனால் இதை ஒரு பணக்கார அணியின் பிடிவாதக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. அந்த லீக் ஏன் 'சின்ன' லீக் என்று அழைக்கப்பட்டது, யார் அதைச் சின்னதாக வைத்திருந்தார்கள் என்பது தெரிந்தால்தான் இந்தக் கதையே புரியும். இரண்டாவது கேள்விக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

நான் சொல்வது பனிக்கட்டித் தளத்தில், காலில் ஸ்கேட் கட்டிக்கொண்டு, பந்துக்குப் பதில் 'பக்' என்ற தட்டையான ரப்பர் வில்லையை அடித்து ஆடும் ஐஸ் ஹாக்கி. கோல்கீப்பரையும் சேர்த்து ஒரு பக்கம் ஆறு பேர். 1942 முதல் 1967 வரை என்.எச்.எல். என்றால் மொத்தமே ஆறு அணிகள்: மான்ட்ரியால், டொரான்டோ, டெட்ராய்ட், பாஸ்டன், சிகாகோ, நியூயார்க். கனடா முழுக்க ஊருக்கு ஊர் ஹாக்கி. ஆனால் உச்சியில் இருந்த இடங்களோ நூற்றுச் சொச்சம்தான். அந்த இடங்களில் ஒன்று கிடைக்காதவர் எல்லாம் இரண்டாந்தரம் என்று நினைத்தால் தப்பு. இடம்தான் இல்லை, ஆட்டம் இருந்தது.

அந்த ஆறு அணிகளும் பையன்களைப் பதின்ம வயதிலேயே காகிதத்தில் கட்டிப்போட்டு வைத்திருந்தன. மூன்று படிவங்கள் உண்டு. ஏ படிவம் என்பது முகாமுக்கு வந்து ஆடிக் காட்டு, பார்க்கலாம் என்பது. சி படிவம்தான் ஆளை விழுங்குவது: அதில் கையெழுத்துப் போட்டவன் எந்த ஊரில், எந்த அணியில் ஆட வேண்டும் என்பதை அந்த என்.எச்.எல். அணியே முடிவு செய்யும். சொற்பமான ஒரு தொகையை மேசையில் வைத்து, அப்பனையும் பிள்ளையையும் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தது பி படிவம். அதன் சாரம் இவ்வளவுதான்: நான் எப்போதாவது தொழில்முறை ஆட்டக்காரனாக மாறினால், உங்கள் அணிக்குத்தான் மாறுவேன்.

பெலிவோவின் தந்தை ஆர்தர், ஷாவினிகன் மின்சார நிறுவனத்தின் ஊழியர். எட்டுப் பிள்ளைகளில் ழான்தான் மூத்தவர். பையனுக்குப் பதினைந்து வயதானபோது சி படிவம் வீடு தேடி வந்தது. ஆர்தர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பின்னால் ழான் கனேடியன்ஸுடன் கையெழுத்திட்டது பி படிவத்தில். 'எப்போதாவது மாறினால்' என்ற அந்த இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டுதான் அவர் கனடாவின் மிகப் பெரிய விளையாட்டு நிறுவனம் ஒன்றை இரண்டு ஆண்டுகள் வாசலிலேயே காக்க வைத்தார்.

இனி அந்த லீக்கைப் பற்றி. 1940களில் கியூபெக் சீனியர் லீக் என்று இருந்தது, 1950 வாக்கில் 'மேஜர்' ஆனது. 1952-53இல் அதில் ஏழு அணிகள் ஆடின. மான்ட்ரியால் ராயல்ஸ், கியூபெக் ஏசஸ், ஒட்டாவா செனட்டர்ஸ் ஆகியவை பெரிய நகரங்களின் அணிகள். மற்ற நான்கும் ஆலை ஊர்கள்: நெசவாலைகள் நிறைந்த ஷெர்புரூக், பருத்தி மில்லைச் சுற்றி வளர்ந்த வேலிஃபீல்ட், அருவி மின்சாரத்தையும் அலுமினியத்தையும் நம்பிய ஷாவினிகன் ஃபால்ஸ், கியூபெக் நகரத்திலிருந்து வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் காட்டைத் தாண்டிப் போக வேண்டிய ஷிகூட்டிமி. நடுக்குளிர்காலத்தில் அந்தக் காட்டுப் பாதையில் அணி பயணம் செய்து, ஆடி, திரும்பி வரும். அந்த ஊர்களில் ஆலைச் சங்கும் தேவாலய மணியும் எப்படியோ, அப்படித்தான் ஹாக்கி அணியும். ஷிஃப்ட் முடிந்து வருபவர்தான் டிக்கெட் எடுத்துப் பார்த்தார்.

கியூபெக் ஏசஸ் பிறந்த கதையும் அதே மாதிரிதான். நகரத்தின் லிமுவாலு பகுதியில் ஆங்கிலோ-கனேடியன் காகித ஆலை இருந்தது. செய்தித்தாள் காகிதம் செய்யும் பெரிய ஆலை. அதன் ஊழியர்களுக்கென்று தொடங்கிய அணிதான் ஏசஸ். அந்தப் பெயரே ஆலையின் பெயரிலிருந்து வந்த எழுத்துகள். நல்ல ஆட்டக்காரருக்கு ஆலையில் ஒரு வேலையும் கிடைக்கும், ஆட்டத்துக்குத் தனியாகப் பணமும் கிடைக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏட்டளவில் இது அமெச்சூர் லீக். ஆனால் எல்லோரும் சம்பளம் வாங்கினார்கள், அது எல்லோருக்கும் தெரியும். கனடாவின் அமெச்சூர் ஹாக்கி சங்கத்துக்கும் தெரியும். ஆலன் கோப்பைதான் அப்போது சீனியர் அமெச்சூர் ஹாக்கியின் பெரிய பரிசு. இந்த மாதிரி பணக்கார அணிகள் அதில் வந்து நின்றால் உண்மையான அமெச்சூர் ஊர் அணிகளுக்கு வழியே இல்லை. அதனால் 1950இல் 'மேஜர்' என்று ஒரு தனி வகுப்பை உண்டாக்கி, அதற்கு அலெக்சாண்டர் கோப்பை என்று தனிப் பரிசையும் வைத்தார்கள். 1951இல் வேலிஃபீல்ட் பிரேவ்ஸ், 1952இல் கியூபெக் ஏசஸ் அதை வென்றன. ஆக, பணம் வாங்கினாலும் தொழில்முறை இல்லை என்ற ஒரு வகுப்பு சட்டப்படியே இருந்தது. பெலிவோ உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்ட இடைவெளி அதுதான்.

ஆட்டத்தின் தரத்தைப் பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் பெஞ்சுக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்க்கட்டும். வேலிஃபீல்டின் பயிற்சியாளர் டோ பிளேக், கியூபெக் ஏசஸின் பயிற்சியாளர் பஞ்ச் இம்லாக். பிளேக் 1955இல் கனேடியன்ஸுக்குப் போனார். இம்லாக் 1958இல் டொரான்டோவுக்குப் போனார். 1956 முதல் 1968 வரை, என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பைகள் பதிமூன்று. பிளேக்குக்கு எட்டு, இம்லாக்குக்கு நான்கு. 1961இல் சிகாகோ வென்றது ஒன்றுதான் இந்த இருவர் கைக்கும் போகாமல் தப்பியது. அதற்கு ஐந்தாறு வருஷங்களுக்கு முன் இந்த இரண்டு பேரும் கியூபெக் மாகாணத்தின் பனி அரங்குகளில் ஒருவரை ஒருவர் எதிர்த்து, இருக்கிற ஆட்களை வைத்துக்கொண்டு எப்படி ஜெயிப்பது என்று மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். இதை ஹாக்கி வரலாறு எழுதுபவர்கள் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் குறை.

மான்ட்ரியால் ராயல்ஸ் கனேடியன்ஸின் கிளை அணி, ஆடுவதும் அதே ஃபோரம் அரங்கில். அங்கே கோல் காத்தவர்களில் ஒருவர் ழாக் பிளாந்த். தானே பின்னிய கம்பளிக் குல்லாயைத் தலையில் போட்டுக்கொண்டு கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்பார். முகமூடி என்ற பேச்சே கோல்கீப்பர்களிடம் இல்லாத காலம்; அதையும் பின்னால், 1959 நவம்பரில், வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். 1952 நவம்பரில் கனேடியன்ஸ் இவரை மேலே கூப்பிட்டபோது பயிற்சியாளர் டிக் இர்வின் அந்தக் குல்லாயை அனுமதிக்கவில்லை.

இந்த லீக்குக்குப் பெலிவோ வந்த வழி இது. 1931இல் த்ருவா-ரிவியேரில் பிறந்து, விக்டோரியாவில் (Victoriaville) என்ற சிறு நகரத்தில் வளர்ந்தவர். 1949இல் கியூபெக் நகரத்தின் ஜூனியர் அணியான சிட்டடெல்ஸுக்கு வந்தார். அதே ஆண்டு நகரத்தின் பழைய அரங்கம் தீயில் போயிருந்தது. சில மாதங்களில் புதிய கொலிசே எழுந்தது, சுமார் பத்தாயிரம் பேர் உட்காரலாம். பையன் 190 சென்டிமீட்டர் உயரம். அந்த உயரத்தில் ஸ்கேட் செய்பவர்கள் பொதுவாகத் தடதடவென்றுதான் போவார்கள். இவரோ அவசரமே இல்லாதவர் போல நீண்ட வீச்சுகளில் நகர்வார்; தடுக்க வருபவர் பக்கை எட்டிவிடலாம் என்று நினைக்கும்போது, நீண்ட கையால் பக்கை இன்னொரு பக்கம் கொண்டுபோயிருப்பார். அந்தப் பையனைப் பார்க்கக் கொலிசே நிரம்பி வழிந்தது. ஜூனியர் ஆட்டத்துக்கு அப்படிக் கூட்டம் வருவது அதிசயம். அரங்குக்கே அவர் பெயரைச் சேர்த்துச் செல்லப்பெயர் வைத்தார்கள்.

1951இல் ஜூனியர் வயது முடிந்தது. ஊர் மக்கள் அவருக்கு ஒரு நேஷ் காரைப் பரிசாகக் கொடுத்தார்கள். மான்ட்ரியாலில் எல்லோரும் எதிர்பார்த்தது, அவர் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு நேராக ஃபோரமுக்கு வருவார் என்று. அவர் கியூபெக் நகரத்திலேயே நின்று, ஏசஸில் சேர்ந்தார்.

முதல் சீசன், 1951-52: 59 ஆட்டங்களில் 45 கோல், 38 அசிஸ்ட் (மற்றவர் கோல் அடிக்கப் பக்கைக் கொடுத்தது), இரண்டும் சேர்த்து 83 புள்ளி. லீக்கிலேயே முதலிடம். ஏசஸ் அலெக்சாண்டர் கோப்பையையும் எடுத்தது. சரி, ஒரு வருஷம் நன்றிக் கடன் தீர்த்தாகிவிட்டது, இனி வருவார் என்றார்கள். வரவில்லை. இரண்டாவது சீசன், நாம் பேச வந்த 1952-53: 57 ஆட்டங்களில் 50 கோல், 39 அசிஸ்ட், 89 புள்ளி. மீண்டும் முதலிடம். 1944-45இல் கனேடியன்ஸின் நட்சத்திரம் மோரிஸ் ரிஷார் 50 ஆட்டங்களில் 50 கோல் அடித்தது என்.எச்.எல்.இல் அதுவரை யாரும் தொடாத சிகரம். அதற்குப் பக்கத்தில் வைக்கிற எண்ணா இது, லீக் வேறல்லவா என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு அந்த சீசனின் நடுவிலேயே ஒரு பதில் கிடைத்தது.

அமெச்சூர் ஆட்டக்காரர் ஒருவர் தன் தகுதியை இழக்காமல் மூன்று என்.எச்.எல். ஆட்டங்கள் வரை சோதனையாக ஆடலாம் என்று விதி இருந்தது. 1952 டிசம்பரில் கனேடியன்ஸ் அந்த மூன்று ஆட்டங்களுக்குப் பெலிவோவை அழைத்தது. டிசம்பர் 18 அன்று நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிராக மூன்று கோல். மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது ஐந்து கோல். உலகத்தின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களும் கோல்கீப்பர்களும் இருந்த லீக்கில், ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேல். பிறகு அவர் பையைக் கட்டிக்கொண்டு கியூபெக் நகரத்துக்குத் திரும்பிப் போய், ஏசஸின் அடுத்த ஆட்டத்துக்குத் தயாரானார்.

மான்ட்ரியால் ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெலிவோவும் பெர்னார் ஜியோஃப்ரியோனும் என்.எச்.எல்.இல் காலடி வைத்தது ஒரே நாளில், 1950 டிசம்பர் 16 அன்று, இதே மாதிரி ஒரு சோதனை ஆட்டத்தில். ஜியோஃப்ரியோன் சில வாரங்களிலேயே கையெழுத்துப் போட்டு, 1951-52க்கான சிறந்த புதுமுகம் பரிசையும் வாங்கிவிட்டார். பெலிவோ மட்டும் 250 கிலோமீட்டர் தள்ளி, வேறு சட்டையில் கோல் அடித்துக்கொண்டிருந்தார்.

ஏன் போகவில்லை? பலர் இதற்குக் காதலைக் காரணமாகச் சொல்வார்கள். எலிஸ் கூத்யூர் கியூபெக் நகரத்துப் பெண்தான். 1953 ஜூனில் அங்கேயே திருமணம் நடந்தது. காரைக் கொடுத்த ஊரை உடனே விட்டுப் போக மனம் வரவில்லை என்பதும் அவரே பின்னால் சொன்னது. இரண்டையும் நான் நம்புகிறேன். ஆனால் இந்த இரண்டை மட்டும் சொன்னால் அவரை வெறும் மனசு இளகிய பையனாக ஆக்கிவிடுவோம். அவர் கணக்குத் தெரிந்தவர். ஏசஸ் அவருக்குக் கொடுத்தது என்.எச்.எல்.இன் முன்னணி நட்சத்திரங்களுக்குச் சமமான சம்பளம். அதற்கு மேல் லவால் பால் நிறுவனத்தில் வேலை. கோடையில் வண்டியில் போய் விளையாட்டுத் திடல்களில் குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் கொடுத்துப் பேசிவிட்டு வருவார். தெருவில் நடந்தால் எல்லோருக்கும் தெரிந்த முகம். மான்ட்ரியாலுக்குப் போனால் ரிஷாரின் நிழலில், கனேடியன்ஸின் மேலாளர் ஃபிராங்க் செல்கி சொல்கிற சம்பளத்துக்கு, பேரம் பேச ஒரு பிடியும் இல்லாமல் நிற்க வேண்டும். கையெழுத்துப் போடாத ஒவ்வொரு மாதமும் அவர் விலை ஏறிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சங்கமோ ஏஜென்ட்டோ இல்லாத அந்தக் காலத்தில், இருபத்தோரு வயதில், ஒரு என்.எச்.எல். அணியைச் சமதையாக உட்கார வைத்துப் பேச முடிந்தவர் அநேகமாக இவர் ஒருவர்தான். அதற்கு உதவியது அவர் திறமை மட்டுமல்ல. அந்தச் சம்பளத்தைக் கொடுக்கக்கூடிய இன்னொரு லீக் இருந்ததுதான்.

செல்கிக்கும் இது நன்றாகத் தெரியும். 1946இல் டொரான்டோவிலிருந்து வந்து, கனடா முழுக்கக் கிளை அணிகளை வைத்து வளர்த்த மனிதர். 1953 ஏப்ரல் 16 அன்று பாஸ்டனை வென்று கனேடியன்ஸ் ஸ்டான்லி கோப்பையை எடுத்தது. கூடுதல் நேரத்தில் அந்த ஒரே கோலை அடித்த சென்டர் ஆட்டக்காரர் எல்மர் லாக்குக்கு அப்போது வயது முப்பத்தைந்து. அடுத்த ஆண்டே அவர் ஓய்வு பெற்றார். கோப்பை கையில் இருந்தாலும் நடுவில் ஒரு பெரிய ஓட்டை விழப்போகிறது என்பது செல்கிக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்துக்கு ஆள் கியூபெக் நகரத்தில் இருக்கிறார், அவரை அசைக்க முடியவில்லை.

அப்போதுதான் பி படிவத்தைத் திருப்பிப் படித்தார்கள். பெலிவோ தொழில்முறை ஆட்டக்காரராக மாறினால் கனேடியன்ஸுக்குத்தான். அவர் மாறமாட்டேன் என்கிறார். அப்படியானால் அவர் இருக்கும் இடத்தை மாற்றிவிட்டால்? கனேடியன்ஸ் நிர்வாகம் லீக்கின் உரிமையை வாங்கி, அதைத் தொழில்முறை லீக்காக அறிவிக்க வைத்தது. 1953-54 முதல் அதன் பெயர் கியூபெக் ஹாக்கி லீக். அந்த நாளிலிருந்து ஏசஸுக்கு ஆடினாலே பெலிவோ தொழில்முறை ஆட்டக்காரர். தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் கனேடியன்ஸின் சொத்து. அவர் ஒதுங்கி நிற்க இனி இடமே இல்லை.

'லீக்கையே வாங்கினார்கள்' என்பதற்கு இதுதான் பொருள். அரங்கங்களையும் அணிகளையும் ஒட்டுமொத்தமாக விலை பேசி எடுத்துக்கொண்டார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டாம். ஏசஸ் ஏசஸாகவே தொடர்ந்தது, இம்லாக் அதே பெஞ்சுக்குப் பின்னால் நின்றார். மாறியது ஒரு வகைப்பாடு மட்டும்தான். ஆனால் அந்த வகைப்பாடுதான் எல்லாமும்.

1953 அக்டோபர் 3 அன்று பெலிவோ கையெழுத்திட்டார்: ஐந்து ஆண்டுகளுக்கு 1,05,000 டாலர். அன்று மான்ட்ரியாலில் என்.எச்.எல். ஆல்-ஸ்டார் ஆட்டம், கையெழுத்துப் போட்ட கையோடு அதில் இறங்கினார். முதல் ஆண்டு காயங்களில் போனது, 44 ஆட்டம், 13 கோல். 1955-56இல் 47 கோலும் 88 புள்ளிகளும் எடுத்து, சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையையும் அதிகப் புள்ளிக்கான ஆர்ட் ராஸ் கோப்பையையும் சேர்த்து வாங்கினார். பதினெட்டு சீசன்களில் பத்து ஸ்டான்லி கோப்பை, பத்து ஆண்டு அணித்தலைவர். மொத்தம் 507 கோல் என்று பதிவேடு சொல்கிறது. ஏசஸுக்காக அவர் லீக் ஆட்டங்களில் அடித்த 95 கோல்கள் அந்தக் கணக்கில் கிடையாது.

இதுவரை சொன்னது எல்லோரும் சொல்லும் கதையின் விரிவு. இனி சொல்லப்போவது எனக்கு அதைவிட முக்கியம்.

1952-53இல் அதே ஏசஸ் அணியில், அதே உடைமாற்றும் அறையில், ஹெர்ப் கார்னகி இருந்தார். அவரும் சென்டர் ஆட்டக்காரர். 1919இல் டொரான்டோவில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். ஒன்டாரியோவின் சுரங்க ஊர்களில் ஆடி, அங்கிருந்து கியூபெக் வந்தவர். ஷெர்புரூக்கில் தன் அண்ணன் ஆசி கார்னகியுடனும் மேனி மெக்கின்டயருடனும் சேர்ந்து ஒரே வரிசையில் ஆடினார், மூவருமே கறுப்பினத்தவர். அங்கே 1946, 1947, 1948 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மாகாண லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு இவருக்குத்தான். 1949இல் ஏசஸுக்கு வந்தார்.

1948இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் இவரைப் பயிற்சி முகாமுக்கு அழைத்தது. அங்கே நன்றாகவே ஆடினார். முதலில் கீழ் லீக் அணி ஒன்றுக்குப் போகச் சொன்னார்கள், மறுத்தார். கொஞ்சம் கூட்டி இன்னொரு அணி, மறுத்தார். இன்னும் கொஞ்சம் கூட்டி மூன்றாவது அணி. மூன்றுமே கியூபெக்கில் அவர் வாங்கிக்கொண்டிருந்ததைவிடக் குறைவு. அவருக்கு மனைவியும் குழந்தைகளும் இருந்தார்கள். நியூயார்க் அணியில் இடம் என்ற பேச்சு மட்டும் வரவேயில்லை. அவர் கியூபெக்குக்கே திரும்பினார்.

பெலிவோவும் கார்னகியும் மறுத்தது ஒரே காரணத்துக்காக: கியூபெக்கில் அதிகம் கிடைத்தது. ஒருவர் மறுத்ததும் மான்ட்ரியால் ஒரு லீக்கையே வாங்கியது. இன்னொருவர் மறுத்ததும் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயது வித்தியாசம் உண்டு. 1952-53இல் ஒருவருக்கு இருபத்தொன்று, மற்றவருக்கு முப்பத்து மூன்று. திறமையிலும் பெலிவோவுக்கு இணை சொல்வது கடினம். ஆனால் 1946இலும் 1947இலும் கார்னகிக்கு வயது இருபத்தேழு, இருபத்தெட்டுதான். அப்போது ஆறு அணிகளில் ஒன்றிலாவது அவரைவிடத் தாழ்ந்த சென்டர் ஆட்டக்காரர் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். நிறம்தான் தடையாக இருந்தது என்று பெலிவோவே பின்னால் எழுதியிருக்கிறார். கார்னகியிடமிருந்து தான் கற்றுக்கொண்டதையும் அவர் மறைத்ததில்லை.

'சின்ன லீக்' என்ற சொல் எனக்கு உறுத்துவது இதனால்தான். மேலே இருந்த கதவு ஒருவருக்குப் படிவத்தால், ஒருவருக்கு இடமில்லாததால், ஒருவருக்குத் தோல் நிறத்தால் மூடியிருந்தது. அவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்த இடம் இது. அதனாலேயே ஆட்டம் அவ்வளவு உயரத்தில் இருந்தது.

இதற்குப் பின்னொட்டாக ஒன்று. 1958 ஜனவரி 18 அன்று வில்லி ஓ'ரீ பாஸ்டன் சட்டையில் மான்ட்ரியால் ஃபோரமில் இறங்கினார், என்.எச்.எல்.இல் ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர். பாஸ்டன் அவரைக் கூப்பிட்டது கியூபெக் ஏசஸிலிருந்து. கார்னகி அந்த அணியை விட்டு அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்கவில்லை. ஓ'ரீ 2018இலும் கார்னகி 2022இலும் ஹாக்கி புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள். கார்னகி 2012இலேயே காலமாகிவிட்டார்.

லீக் என்ன ஆயிற்று? பெலிவோ போனதும் அது உடனே சரியவில்லை. 1957இல்கூட ஏசஸ், மேற்கு கனடாவின் சாம்பியனான பிராண்டன் அணியை வென்று எடின்பரோ கோப்பையை எடுத்தது. ஆனால் அதை உள்ளேயிருந்து அரித்தவை இரண்டு. ஒன்று, தொழில்முறை லீக் ஆனபின் அது என்.எச்.எல். அணிகளுக்கு ஆள் வளர்க்கும் இடமாக மாறியது. நல்ல ஆள் வந்தால் அடுத்த வருஷம் மேலே போய்விடுவான். ஊர்க்காரர் யாருக்காக டிக்கெட் எடுப்பது? இரண்டாவது தொலைக்காட்சி. 1952 செப்டம்பரில் மான்ட்ரியாலில் ஒளிபரப்பு தொடங்கியது. அக்டோபர் 11 சனிக்கிழமை இரவு, ரெனே லெகவாலியேயின் பிரெஞ்சு வர்ணனையுடன், கனேடியன்ஸும் டெட்ராய்ட்டும் மோதிய ஆட்டம் முதன்முதலாக வீட்டுக்குள் வந்தது. பெலிவோ 50 கோல் அடித்த அதே சீசன். ரிஷாரைத் தன் வரவேற்பறையிலேயே பார்க்க முடிந்த ஷாவினிகன்காரர், மைனஸ் இருபது டிகிரி குளிரில் எழுந்து ஊர் அரங்குக்குப் போக வேண்டிய கட்டாயம் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. 1959இல் லீக் மூடப்பட்டது. ஏசஸ் அமெரிக்கன் ஹாக்கி லீக்குக்குப் போய் 1971 வரை ஆடியது. ராயல்ஸ், புதிதாகத் தொடங்கிய ஈஸ்டர்ன் தொழில்முறை லீக்குக்குப் போனது. அந்த லீக்கும் நான்கே ஆண்டுகள்தான்.

இன்று இப்படி ஒன்று நடக்குமா என்றால், நடக்காது. ஏ, பி, சி படிவங்கள் 1960களோடு ஒழிந்தன; 1963இல் மான்ட்ரியாலில்தான் முதல் டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது, நடந்தது. இப்போது பதினெட்டு வயதுப் பையனை எந்த அணி எடுக்கலாம் என்பதை வரிசை முடிவு செய்கிறது. மறுப்பவர்கள் இப்போதும் உண்டு. 1991இல் எரிக் லிண்ட்ரோஸை முதல் ஆளாக எடுத்தது கியூபெக் நோர்டிக்ஸ். போகமாட்டேன் என்று ஒரு வருஷம் ஜூனியர் அணியிலும் கனடா தேசிய அணியிலும் ஆடிவிட்டு, 1992இல் பிலடெல்ஃபியாவுக்கு மாற்றப்பட்டார். ஆனால் அவர் மறுத்து நின்ற அந்த ஒரு வருஷத்தில், என்.எச்.எல். நட்சத்திரத்துக்குச் சமமான சம்பளத்தைக் கொடுத்து வைத்துக்கொள்ள எந்த ஆலை ஊர் அணியும் கனடாவில் மிச்சமிருக்கவில்லை.